கள்ளும் கலமும்

அரசர் ஆண்டதும் மாண்டதுமே வரலாறு என்று எண்ணி, அவர்தம் பட்டப்பெயர்களையும் போர்களையும் மனப்பாடம் செய்வதே பள்ளியில் நாம் பயின்ற பயிற்சி. உழவனது கலப்பையும் குயவனது சக்கரமும் அப்பாடநூல்களில் இடம்பெறுவதில்லை. ஆயினும், ஒரு மக்கட் கூட்டத்தார் எதனை உண்டனர், எதிற் சமைத்தனர், எதிற் புளிக்கவைத்தனர் என்று ஆராயப் புகுவோமாயின், அரண்மனைக் கல்வெட்டுகள் உரையாத பல உண்மைகளை அடுக்களைப் பானைகள் உரைப்பதைக் காணலாம். அப்பானைகளுள்ளும் தானியத்தையோ மரச்சாற்றையோ நொதிக்கவைத்து மதுவாக்கும் கலத்தின் வரலாறு ஒன்றே இங்கு ஆராயப்படுவது.

இக்கட்டுரை குடியைப் போற்ற எழுந்ததன்று. குடியினாற் கெட்ட குடும்பங்களைத் தோட்டப்புறங்களில் நாம் அறியாதவரல்லேம். எனினும், ஒரு தீமையை வெல்ல விழைவோர் அதன் பிறப்பையும் வளர்ப்பையும் அறிதல் வேண்டும். மது நலமாவதும் நஞ்சாவதும் பெரும்பாலும் அது இருந்த கலத்தைப் பொறுத்தது. அக்கலத்தைத் தேரும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே அதனிலும் பெரிய கேள்வி.

சங்க காலத்துச் சாடி

பீர் என்பது மேனாட்டார் நமக்குக் கொணர்ந்த புதுப்பொருள் என்பது பலரது எண்ணம். முளைகட்டிய தானியத்தின் துணையால் மாவுப்பொருளை இனிப்பாக்கி, அவ்வினிப்பை நொதிக்கவிடுவதே பீரின் முறை. இம்முறையைத் தமிழர் நன்கறிந்திருந்தனர் என்பதற்குப் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை சான்று பகர்கின்றது. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலில், வலைஞர் குடியிருப்பில் மது ஆக்கும் முறை படிப்படியாக விளக்கப்பட்டுள்ளது.

நன்கு தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். வாய் அகன்ற பிழா என்னும் தட்டுப் போன்ற கலத்தில் அதனைப் பரப்பி ஆற்றுகின்றனர். கறையான் புற்றினுள் காணப்படும் குரும்பியைப் போன்ற தோற்றமுடைய நெல்முளை அடையை அதனோடு கலக்கின்றனர். பின்னர், வலிய வாயையுடைய சாடியில் இட்டு இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிடுகின்றனர். விளைந்ததை விரலால் அலைத்துப் பிழிந்து வடித்து, சுட்ட மீனோடு விருந்தினர்க்கு அளிக்கின்றனர். உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டை அச்சேற்றியிராவிடில், இச்செய்தி ஏட்டுச்சுவடிகளோடு செல்லுக்கு இரையாகியிருக்கவும் கூடும்.

இங்கு உற்றுநோக்க வேண்டுவது ஒன்றுண்டு. அவ்வலைஞர் ஒரே கலத்தில் எல்லாத் தொழிலையும் செய்தாரல்லர். சூடு விரைவில் தணிதற்கு வாய் அகன்ற கலம். நொதித்தற்கு வாய் உறுதியான சாடி. சூடு தணியாத களியில் முளை அடையை இட்டால் அதன் ஆற்றல் கெடும். ஆறிய பின்னும் அகன்ற வாயில் கிடப்பின் காற்றும் ஈயும் சேர்ந்து அதனைக் காடியாக்கும். இக்காலத்து நூல்கள் பக்கம் பக்கமாக எழுதும் அறிவுரையை, நெய்தல் நிலத்து இல்லத்தார் இரு கலங்களால் செய்து காட்டினர். அச்சாடி அவர்தம் வீட்டுச் சாடி. அதனைக் கழுவியவரும் நிரப்பியவரும் பருகியவரும் அவ்வீட்டாரே.

மூங்கிலும் மண்ணும்

கலத்தைத் தேர்தலில் நிலத்துக்கு நிலம் வேறுபாடு இருந்தது. குறிஞ்சி நிலத்தார்க்கு மூங்கிலே எளிதிற் கிடைத்த கலம். மூங்கிற் குழாயில் விளைந்த தேன்கலந்த தேறலை மலைபடுகடாம் குறிப்பிடுகின்றது. இரு கணுக்களுக்கிடையே இயற்கையே அடைத்துக் கொடுத்த குழாய் அது. பழுதானால் எறிந்துவிட்டு மற்றொன்றை வெட்டிக்கொள்ளலாம். கழுவும் தொல்லையின்றிப் புதுக்கலம் கிடைப்பது அதன் சிறப்பு.

பாரியின் பறம்பு நாட்டைக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றில், நிலத்திற் புதைத்து முதிரவைத்த மது பேசப்படுகின்றது. புதைத்ததன் காரணம் யாது? நிலத்தின் மேற்பரப்பில் பகலில் வெயிலும் இரவில் குளிரும் மாறி மாறி வரினும், மண்ணினுள்ளே தட்பவெப்பம் பெரிதும் மாறுவதில்லை. நொதிப்பைச் செய்யும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் நிலையான மிதவெப்பத்தையே விரும்பும். கருங்கடற் கரையிலுள்ள ஜார்ஜியா நாட்டாரும் இவ்வாறே பெருஞ்சாடிகளை நிலத்திற் புதைத்துத் திராட்சை மது ஆக்குகின்றனர். அம்முறையை 2013இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. தொலைவிலுள்ள இரு மக்கள் ஒரே முடிவுக்கு வந்தமை வியப்பன்று. இயற்கை இருவர்க்கும் ஒரே ஆசிரியர்.

மண்பானைக்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. இரண்டிற்கும் காரணம் ஒன்றே. அதன் உடல் முழுதும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அவற்றின் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளிருப்பது குளிர்கின்றது. அதே துளைகளிற் பழைய மதுவின் மண்டியும் நுண்ணுயிர்களும் தங்கிவிடுகின்றன. அவை நல்லவையாயின், அடுத்த முறை உறை ஊற்றாமலே மது விளையும். தீயவையாயின், எத்தனை முறை கழுவினும் புளிப்பே மிஞ்சும். மோர்ப் பானையிற் பால் வைக்கலாகாது என்று நம் பாட்டிமார் கூறியது இவ்வுண்மை பற்றியே.

மலாக்காத் துறையின் சாடிகள்

இத்தீமையை நீக்க வந்தது மெருகிட்ட சாடி. கண்ணாடி போன்ற மெருகைப் பூசிக் கடுஞ்சூட்டிற் சுட்டால், மண்ணின் துளைகள் அடைபடும். புளிப்பும் அதனை அரிக்காது. இத்தகைய சாடிகளுள் ஆசியாக் கடல்களெங்கும் பெயர்பெற்றவை கீழ்ப் பர்மாவின் மர்த்தபான் துறையிலிருந்து வந்தவை. கறுப்பு மெருகிட்ட அச்சாடிகளைப் பற்றி, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பர்போசா என்னும் போர்த்துக்கீசியர் எழுதியுள்ளார். அவற்றுட் சில ஒரு பெரும் பீப்பாய் நீரைக் கொள்ளத்தக்கவை என்பது அவர் தரும் குறிப்பு. எண்ணெயும் நீரும் மதுவும் ஊறுகாயும் அவற்றிலேயே கடல் கடந்தன.

அக்காலத்து மலாக்கா, கீழ்த்திசை வாணிகத்தின் நடுச்சந்தை. 1511இல் போர்த்துக்கீசியர் அதனைக் கைப்பற்றுமுன், சுல்தான்களின் ஆட்சியிலேயே தமிழ் வணிகர் அத்துறையிற் செல்வாக்குடன் வாழ்ந்தனர். பெகு நாட்டுக் கப்பல்களும் சீனக் கப்பல்களும் அங்கு வந்து போயின. இன்றும் போர்னியோத் தீவில், சரவாக்கின் இபான் மக்கள் அரிசியால் ஆக்கும் துவாக் என்னும் மதுவைத் தஜாவ் எனப்படும் மெருகிட்ட சாடிகளில் விளைவிக்கும் வழக்கத்தைக் கொண்டுள்ளனர். முன்னோர் விட்டுச்சென்ற சாடி அவர்க்குக் குடும்பச் செல்வம். வாணிகப் பொருளாய் வந்த கலம், வீட்டுப் பொருளாய் நிலைபெற்ற கதை இது.

மெருகு என்ற அளவில் எல்லா மெருகும் ஒன்றல்ல. சில நாடுகளிற் காரீயம் கலந்த மெருகைத் தாழ்ந்த சூட்டிற் பூசினர். புளிப்பான பொருள் அக்காரீயத்தைக் கரைத்து நஞ்சாக்கும். நம் தமிழில் ஈயம் என்னும் ஒரு சொல் இரண்டு உலோகங்களைக் குறிப்பதை இங்கு நினைவூட்டுதல் தகும். பித்தளைப் பாத்திரத்திற்குள் பூசும் வெள்ளீயம் காப்பது, காரீயம் கொல்வது. மலாயாவின் மண் உலகுக்கு அளித்தது வெள்ளீயத்தை. ஈயம் பூசாத பித்தளையில் மோர் வைத்தால் பச்சைக் களிம்பு ஏறும் என்பதைப் படியாத மூதாட்டியும் அறிவாள். புளிப்பும் உலோகமும் பகை என்னும் வேதியியலை அவள் அடுக்களையிலேயே கற்றாள்.

மேனாட்டார் உயிர் கொடுத்துக் கற்றவை

இவ்வறிவை மேனாட்டார் விலைகொடுத்தே பெற்றனர். இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்தார் ஆப்பிட் சாற்றை நொதிக்கவைத்துப் பருகி, கொடிய வயிற்றுவலியால் நெடுங்காலம் வருந்தினர். சாறு பிழியும் பொறிகளிற் பயன்பட்ட காரீயமே காரணம் என்று ஜார்ஜ் பேக்கர் என்னும் மருத்துவர் 1767இல் எடுத்துக்காட்டினார். அவர்மேற் பலர் சினங்கொண்டனர். தம் ஊர்ப் பானத்தை இழித்துரைத்தாராம்! உண்மை உரைப்போர்க்கு எந்நாட்டிலும் அதுவே பரிசு.

காய்ச்சுதல் வீட்டை விட்டு ஆலைக்குச் சென்றபோது கலமும் பூதம்போற் பெருத்தது. 1814 அக்டோபர் 17ஆம் நாள் லண்டன் மாநகரில் மியூ கம்பெனியாரது ஆலையில், பீர் நிறைந்த பெரும் மரத்தொட்டியின் இரும்பு வளையம் கழன்று தொட்டி வெடித்தது. வெள்ளம் பக்கத்து ஏழைக் குடியிருப்புகளிற் புகுந்து எட்டுப் பேரைக் கொன்றது. இறந்தவர் பெண்டிரும் பிள்ளைகளுமே. கலத்தின் பயன் ஒருவர்க்கும் அதன் தீங்கு மற்றொருவர்க்குமாய் நின்ற காட்சி இது.

பின்னர், பிரான்சு நாட்டு லூயி பாஸ்டர் 1876இல் பீரைப் பற்றித் தாம் எழுதிய நூலில், மது கெடுவது நுண்ணுயிர்களின் செயலே என்று விளக்கினார். அதன்பிறகே கலத்தின் தூய்மை என்பது கண்ணுக்குத் தெரியும் அழுக்கோடு முடிவதன்று என்பது உலகுக்கு விளங்கிற்று. 1913இல் ஷெபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி துருவேறா எஃகை உருவாக்கினார். புளிப்புக்கு அஞ்சாததும், உடையாததும், துளையற்றதுமாகிய அவ்வுலோகமே இன்று பெரும் ஆலைகளின் தொட்டியாய் நிற்கின்றது.

சுண்ணாம்பு தடவிய கலயம்

இனி நம் நாட்டிற்கு வருவோம். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்பவர் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிக முறையில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களெங்கும் பால்மரம் பரந்தது. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் வழியே ஆட்கள் வந்தனர். லயமும் பால் ஸ்டோரும் இருந்தது போலவே, பல தோட்டங்களிற் கள்ளுக்கடையும் இருந்தது.

கள்ளின் கலம் எளியது: தென்னம்பாளையிற் கட்டும் கலயம். ஆயினும் அவ்வெளிய கலயத்தில் ஒரு பெரும் உண்மை அடங்கியுள்ளது. பாளையிலிருந்து சொட்டுவது கள்ளன்று, இனிய சாறே. கலயத்தின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவிக் கட்டினால், விடியலில் இறங்குவது பதநீர். தடவாமல், நேற்றைய மண்டியோடு கட்டினால், இறங்குவது கள். மரம் ஒன்று, சாறு ஒன்று, ஏறுகின்றவனும் ஒருவனே. குடிப்பவன் வெறியனாவதும் தெளிந்தவனாவதும் கலயத்தின் உட்பூச்சினால் முடிவாகின்றது. சுண்ணாம்பின் காரம், நொதிப்பிக்கும் உயிர்களைத் தலையெடுக்கவொட்டாது. இத்துணையே அதன் மந்திரம்.

ரப்பர்த் தோட்டத்தாருக்கு இதனை விளக்க வேறு உவமை தேட வேண்டுவதில்லை. மரத்திற் கட்டிய மங்கைக் கழுவாது விட்டால், பால் ஸ்டோருக்கு வருமுன்னரே திரிந்து கட்டியாவதை ஒவ்வொரு கிராணியும் கணக்கிற் கண்டிருப்பார். பாலிலுள்ள இனிப்பை நுண்ணுயிர்கள் உண்டு புளிப்பாக்குவதே அதன் காரணம். திரியாதிருக்க அம்மோனியா சேர்க்கின்றோம். திரிய வேண்டும்போது ஆசிட் ஊற்றுகின்றோம். மங்கில் அம்மோனியா செய்யும் வேலையையே கலயத்திற் சுண்ணாம்பு செய்கின்றது. துரைமார்க்குப் பணமாகும் பாலைக் காப்பதற்கு விதியும் மருந்தும் மேற்பார்வையும் இருந்தன. தொழிலாளி பருகும் சாற்றைப் பதநீராய்க் காக்க இத்தகைய அக்கறை இருந்ததா? கள்ளாய் விற்றால், கொடுத்த கூலியிற் பாதி வழியிலேயே நின்றுவிடும் என்பது பலர் கூறிய குற்றச்சாட்டு.

தாயகத்தில், பெரியார் ஈ. வெ. ராமசாமி ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் தம் தோப்பின் தென்னைகளை வெட்டி வீழ்த்தினார். ராஜாஜி அமைச்சரவை 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. அங்கும் சுண்ணாம்பிட்ட கலயத்திற் பதநீர் இறக்க வழிவிடப்பட்டது. தடைக்குள்ளானது மரமன்று, பூச்சற்ற கலயமே.

மலாயாத் தொழிலாளரும் வாளாவிருந்தாரல்லர். 1941இல் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் வட்டாரத்து வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுதலும் ஒரு கோரிக்கையாய் வைக்கப்பட்டது. போருக்குப் பின், 1946, 1947ஆம் ஆண்டுகளில், கெடாவின் பெடோங் வட்டாரத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடை மறியலை நடத்திற்று. எழுத்தறியாதார் எனப் பட்டவர், எக்கலம் தமக்கு வேண்டா என்று உரக்கக் கூறிய நிகழ்ச்சிகள் இவை.

அச்சம் தேர்ந்த கலம்

கள்ளுக்கு வெளியே மற்றொரு தீமை வளர்ந்தது: திருட்டுத்தனமாய்க் காய்ச்சிய சம்சு. சாடியை வீட்டு மூலையில் வைத்து, நாள்தோறும் திறந்து பார்த்து, நன்கு கழுவி வைக்கும் வழக்கம் இங்கே எழ முடியாது. காவலருக்கு அஞ்சிக் காட்டிற் புதைப்பவனுக்குக் கிடைத்ததே கலம். மண்ணெண்ணெய்த் தகரமும் நாகம் பூசிய வாளியும் அவனுக்கு ஒன்றே. நொதித்த புளிப்பு நாகத்தைக் கரைத்து வாந்தியையும் வயிற்றுக் கொதிப்பையும் தரும். ஈயப்பற்று வைத்த குழாயிலே காய்ச்சி வடித்தால் காரீயமும் சேரும். இவற்றினும் கொடியது, மிகுதியான இலாபம் கருதி மெத்தனால் கலப்பது. 2018 செப்டம்பரிற் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் அத்தகைய மதுவால் 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பலர் அயல்நாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர். நம் பாட்டன்மார் ஒருகாலத்தில் இருந்த நிலையில் இருந்தவர்கள். மலிவான புட்டியினுள் யாது உள்ளது, அது எக்கலத்திற் கிடந்தது என்று கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை.

தேர்வின் இலக்கணம்

இவ்வரலாறு முழுவதையும் வடித்தெடுத்தால் மிஞ்சுவது நான்கு விதிகள். முதலாவது, கலம் புளிப்பிற் கரையலாகாது. ஆகவே நாகம், பூச்சற்ற செம்பு, பித்தளை, காரீய மெருகு ஆகியவை விலக்கத்தக்கவை. கண்ணாடியும் துருவேறா எஃகும் உயர்சூட்டிற் சுட்ட மெருகுச் சாடியும் கொள்ளத்தக்கவை. பிளாஸ்டிக் வாளியாயின், உணவுக்கென்றே செய்யப்பட்டதாய் இருத்தல் வேண்டும். களைக்கொல்லியும் ஆசிட்டும் இருந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினும் உண்பொருளுக்கு ஆளலாகாது. தோட்டங்களில் இதனைப் பலமுறை கூறினும் மிகையன்று.

இரண்டாவது, கைபுகுந்து கழுவத்தக்கதாயும் கீறலற்றதாயும் இருத்தல். குறுகிய வாய்ப் புட்டி காற்றைத் தடுக்கும்; ஆயின் கழுவுதல் அரிது. அகன்ற வாளி கழுவ எளிது. ஆயின் முரட்டு நாரால் தேய்த்தால் விழும் கீறல்களில் நுண்ணுயிர் குடிபுகும். மூன்றாவது, உள்ளே பிறக்கும் கரியமில வாயு வெளியேற வழியும், வெளிக்காற்று உட்புகாத தடையும் வேண்டும். மூடியிற் செருகிய குழாயின் மறுமுனையை நீரில் அமிழ்த்தினால் இரண்டும் நிறைவேறும். இறுக மூடிய கண்ணாடி வெடிகுண்டுக்கு ஒப்பாகும். நான்காவது, நிரப்புமுன் இடம் விடுதல். இட்டலி மாவு பொங்கி வழிவதைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டா. 20 லிட்டர் சாற்றுக்கு 25 லிட்டர்க் கலமாவது வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் கலத்தை ஈரச்சாக்கால் போர்த்துதலும் நன்று.

மலேசியாவில் உரிமமின்றி மது ஆக்குதல் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி குற்றம் என்பதை இங்கே சொல்லாது விடுதல் முறையன்று. எனினும் மேற்கூறிய நான்கு விதிகளும் மதுவுக்கு மட்டும் உரியவை அல்ல. காடிக்கும் ஊறுகாய்க்கும் தயிருக்கும் மாவுக்கும் அவையே விதிகள். நல்ல சாடி ஒன்று மதுவின்றியும் ஒரு வீட்டைச் சிறப்பிக்கும்.

பெரும்பாணாற்றுப்படையின் வலைஞர் செல்வர் அல்லர். மீன்பிடித்து வாழ்ந்த எளியோரே. ஆயினும் எக்கலத்தில் ஆற்றுவது, எக்கலத்தில் விளைவிப்பது, எத்தனை நாள் வைப்பது என்பனவற்றைத் தாமே அறிந்து தாமே முடிவு செய்தனர். அவர்தம் வழிவந்தோர் கடல் கடந்து வந்தபின், தாம் பருகுவது எதிலிருந்து வந்தது என்று அறியாமலே காசு கொடுத்துப் பருகும் நிலைக்கு வந்தனர். குடியை விடுவோர் விடுக, அதுவே சிறப்பு. விடாதாரும், தம் வாயிற் செல்வது எக்கலத்தில் இருந்தது, அதனைக் கழுவியவர் யார், அதிற் கலந்தது யாது என்று கேட்கும் துணிவையேனும் பெறுதல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் லயத்து வாசலிற் கூடும் இளைஞர், கோப்பையை எடுக்குமுன் இக்கேள்வியை எழுப்புவாராயின், அதற்கு விடை கூற முடியாத கடை எதுவும் நெடுநாள் நிலைக்காது.